தேய்ந்த விரல்

முந்திரி ஆலையின் கதவில் புது ரேகை மெஷினை மாட்டியாயிற்று. "ஒருத்தர் விரல்ல பத்துப் பேர் நுழைஞ்சா, பதினொண்ணா களவாணியும் நுழைவான்" என்று கணினிப் பொறுப்பாளர் அன்புமொழி காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ரேகை பதியாதவர்களுக்கு இன்றுமுதல் வேலை இல்லை.

முந்திரிக்கொட்டைப் பால் பட்டு வெந்த விரல்கள் ரேகைக்கு எங்கே போகும்? வரிசையில் முதலில் நின்ற ராஜலட்சுமி நான்கு தடவை விரலை வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"ரெண்டு புள்ளைக படிக்குதுக சார்."

"நான் என்னக்கா பண்ணுறது? மெஷின்ல கேளுங்க."

ஐந்தாம் தடவை பச்சை எரிந்தது. "செங்கமலம். உள்ளே செல்லலாம்" என்றது மெஷின்.

பழைய மெஷினில் எல்லாருக்கும் தன் விரலை வைத்துக் கதவைத் திறந்துவிட்டவள் செங்கமலம். அவள் செத்து இரண்டு வருடமாகிறது. புது மெஷினில் அவள் பெயரை யாரும் ஏற்றவில்லை. அன்புமொழி பட்டியல் முழுக்கத் தேடினான், இல்லை. அடுத்து காத்தாயி விரல் வைத்தாள். அதே பெயர்தான் வந்தது.

அன்புமொழி பாய்ந்து வந்தான். மெஷினின் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கினால் கதவு பூட்டிக்கொள்ளும்.

"இனி யாரும் உள்ள போகக் கூடாது!"

கதவு உள்ளேயிருந்து திறந்தது. தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. மூடாமல் அப்படியே நின்றது. வரிசையில் மிச்சமிருந்த பெண்கள் தலைகுனிந்து ஒவ்வொருவராக நுழைந்தார்கள்.

கடைசியாகப் போனவள் கதவுக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தைப் பார்த்து, "போதும்க்கா, கை வலிக்கப்போவுது, விடுங்க" என்றாள்.

கதவு மெல்ல மூடிக்கொண்டது.