வானிலைப் பிரிவில் ஒரு மழை

மதிய வெயில் ஜன்னலைத் தாண்டி மடிக்கணினி மேல் விழுகிறது. தோளில் கிடக்கும் குழந்தை காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கையால் அதன் முதுகைத் தட்டியபடி, மறு கையால் அவள் ஆப் ஸ்டோரில் உள்ள செயலிகளைத் திறந்து பார்க்கிறாள். விளையாட்டு, சமையல், வானிலை என்று ஒவ்வொன்றும் சரியான பிரிவில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் இந்த வேலை கையைவிட்டுப் போய்விடும். குழந்தையோ கண்ணை மூடுவதாக இல்லை. வானிலைப் பிரிவில் 'மழை' என்றொரு செயலி. திறந்தால் வானிலைத் தகவல் எதுவும் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் மட்டும் சோவென்று அறையை நிறைக்கிறது. குழந்தையின் அழுகை விசும்பலாகி, விசும்பல் பெருமூச்சாகித் தேய்கிறது. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் ஸ்பீக்கரில் கிடக்கும் போனில், கூட வேலை பார்க்கும் பெண் அந்த மழைச் சத்தத்தைக் கேட்டுப் பதறுகிறாள். "ஐயோ அக்கா, அது தூங்க வைக்கிற செயலி! பேரைப் பாத்துட்டு நான்தான் அங்க தள்ளிட்டேன். திட்டாதீங்க."

"மெதுவாப் பேசுடி, தூங்குது."

"யாரு, மேனேஜரா?"

"என் புள்ளடி! தப்பாப் போட்ட அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

இன்னும் எத்தனையோ வீடுகளில் இதைத் தேடுவார்கள் என்று, அவள் அதை இழுத்துத் 'தூக்கம்' பிரிவின் முதல் வரிசையில் வைக்கிறாள். குழந்தையை மெல்ல மடிக்கு இறக்குகிறாள். மழைச் சத்தத்தை நிறுத்தவில்லை. அன்று முதல் முறையாக அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகைக்கு வருகின்றன.