சத்தம் வருகிற ஜல்லி

“இந்தக் கல்லு வேண்டாங்க. சத்தமே வரலை!”

ஜல்லி வியாபாரி வாயைப் பிளந்தார். கேட்டிலிருந்து வாசல் வரை கல் பரப்ப வருகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். செருப்புக் காலோடு குவியல் மேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கிற பெண்மணியை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

கூட வந்திருந்த நாத்தனாருக்கு மானம் போயிற்று.

“ஏம்மா, இந்தக் கூழாங்கல் எவ்வளவு அழகா, வழவழன்னு இருக்கு! இதையே போட்டுத் தொலையேன்.”

“அழகுதான் அண்ணி. ஆனா காலுக்கடியில உருளும். சத்தமும் பத்தாது.”

அடுத்த குவியலில் ஏறினாள். சின்னதாக உடைத்த ஜல்லி. நறநறவென்றது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதாங்க! இதையே அனுப்பிடுங்க.”

நாத்தனாருக்கு விஷயம் புரிந்தது. தம்பி புதுசாகக் கார் வாங்கியிருக்கிறானே! பெரிய பங்களாவில் நுழைகிற மாதிரி நறநறவென்று நுழைந்தால்தானே தெரு திரும்பிப் பார்க்கும்? அடடா, தம்பி மனைவிக்கு என்ன பவிசு!

நாத்தனார் ஊரிலிருந்து வந்ததே அப்பாவுக்காகத்தான். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷர். இப்போது ஞாபகம் பிசகிவிட்டது. இன்னும் வேலையில் இருப்பதாகவே நினைப்பு. போன மாசம் யாரும் கவனிக்காத நேரத்தில் ‘டூட்டி’க்குக் கிளம்பிவிட்டார். தெருத் தெருவாக அலைந்து கண்டுபிடிப்பதற்குள் குடும்பத்துக்கே உயிர் போய் உயிர் வந்தது.

அதற்காகவே கேட்டுக்குப் போட ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்திருந்தாள் நாத்தனார். தம்பி மனைவி அதை “சரி அண்ணி” என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஜல்லி வாங்கக் கிளம்பிவிட்டாள். பெற்ற மகளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

லாரி வந்து ஜல்லி கொட்டியது. வேலையாட்களைத் தம்பி மனைவி விட்டபாடில்லை.

“அடியில திமிசுக் கட்டையால நல்லா இடிச்சுக் கெட்டியாக்குங்கண்ணே. மேல ஜல்லி மெல்லிசாத்தான் இருக்கணும். கால் புதையக் கூடாது.”

“கார் சக்கரம் போற தடத்துல மட்டும் போட்டா போதாதாம்மா?”

“வேண்டாண்ணே. இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் போடுங்க. ஓரத்துல துளி இடம்கூட விடாதீங்க.”

அதற்கு மேல் நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை.

“நாளைக்கு அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுல இரும்புக் கதவு இருக்கு, பூட்டும் இருக்கு. உங்க பவிசுக்கு நடுவுல அவர் எதுக்கு?”

சொன்னதோடு நில்லாமல், அப்பாவின் சட்டை, வேட்டியெல்லாம் எடுத்துப் பெட்டியிலும் அடுக்கிவிட்டாள். தம்பி மனைவியின் முகம் வாடிப்போனது.

“காலையில ஒரு வேளை இருந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க அண்ணி” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை. நாத்தனார் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நற... நற... நற...

காய் நறுக்கிய கை நின்றது. அடுப்பை அணைத்தாள். “மாமா டூட்டிக்குக் கிளம்பிட்டார்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

நாத்தனார் பதறியடித்துப் பின்னால் ஓடினாள். அப்பா அதற்குள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கியிருந்தார். “அப்பா, நில்லுங்க!” என்று கத்த வாயெடுத்தவளை, தம்பி மனைவி கையைக் காட்டி அடக்கினாள். பக்கத்தில் போய், சாவகாசமாகக் கேட்டாள்.

“மாமா, நானும் அந்தப் பக்கம்தான் போறேன். வரட்டுமா?”

அப்பா திரும்பினார். “டிக்கெட்?”

“பாஸ் இருக்கு மாமா.”

“சரி, ஏறு. படியில நிக்காதே.” பிறகு மகளைப் பார்த்தார். “நீ யாரும்மா? டிக்கெட் எடுத்தாச்சா?”

நாத்தனார் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள்.

“அவங்களும் நம்ம வண்டிதான் மாமா” என்றாள் தம்பி மனைவி.

“அப்ப ரைட், போலாம்!”

என்ன கம்பீரம் அந்தக் குரலில்! நாற்காலியில் சுருண்டு கிடந்த மனுஷரா இவர்? முதுகு நிமிர்ந்து, தெருமுனைக்குத் தெருமுனை ஸ்டாப் பெயர் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் போனவர்கள்கூட அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலு தெருவைச் சுற்றித் தம்பி மனைவி பேச்சுவாக்கில் அவரை வீட்டுப் பக்கமே திருப்பிக்கொண்டு வந்தாள்.

கேட்டருகே வந்ததும் அப்பா நின்றார்.

“கடைசி ஸ்டாப்! எல்லாரும் பார்த்து எறங்குங்க!”

ஜல்லி மேல் நறநறவென்று நடந்து உள்ளே போனார். டூட்டி முடிந்த திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்து, “ஒரு காபி குடும்மா” என்றார்.

நாத்தனார் அறைக்குள் போனாள். பெட்டியைத் திறந்து, அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்தாள். அங்கே அந்தப் பூட்டு, பிரிக்காத உறையோடு அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

“ஏம்மா, இதைப் போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிருக்குமே. எதுக்கும்மா உனக்கு இவ்வளவு பாடு?”

காபி கலந்துகொண்டிருந்த தம்பி மனைவி, மாமனார் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

“பூட்டு போட்டா, அடைச்சு வெச்சிருக்கோம்னு மாமாவுக்குத் தெரிஞ்சுடும் அண்ணி. ஜல்லி போட்டா, அவர் கிளம்பிட்டார்னு எனக்கு மட்டும்தானே தெரியும்?”