காலி அட்டை

வகுப்பறை வாசலில் அந்தச் சிறுமி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் பச்சை வண்ணம் பூசிய அட்டை. அதன் மேல் ஒன்றும் இல்லை.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க" என்றார் அறிவியல் ஆசிரியை. "உங்க அட்டையில எல்லாம் காடு இருக்கு. ஊமைக்கோட்டான் அட்டையில என்ன இருக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கும் வாய் திறக்காத அவளுக்கு ஆசிரியை வைத்த பெயர் அது.

'காட்டைக் காப்போம்' கண்காட்சியைத் தலைமை ஆசிரியை மேசை மேசையாகப் பார்த்து வந்தார். முப்பத்தொன்பது அட்டைகள், முப்பத்தொன்பது காடுகள். நட்டிருந்த கிளைகள் எல்லாம் ஒரே சாண் உயரம். இலைகள் இன்னும் வாடவில்லை.

"காடுன்னா இப்படித்தான் அளவா, வரிசையா இருக்கணும்" என்றார் தலைமை ஆசிரியை. "தானா வளர்ற காட்டுல இந்த ஒழுங்கு வராது."

அப்போதுதான் நகராட்சித் தோட்டக்காரர் உள்ளே வந்தார். பள்ளிச் சுவரை ஒட்டிய தெரு மரக்கன்றுகள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார்.

"என் செடிங்க" என்றார்.

"என்னப்பா சொல்றே?" என்றார் தலைமை ஆசிரியை.

"மேடம், நேத்து சாயங்காலம் தண்ணி ஊத்தும்போது இருபது கன்னும் நல்லா இருந்துச்சு. இப்ப இருபதும் குச்சியா நிக்குது. ரெண்டு வருஷமா குடத்துல சுமந்து ஊத்தினேன். பதினோரு மணிக்கு அதிகாரி பார்க்க வர்றார். நான்தான் கவனிக்கலன்னு வேலையை விட்டுத் தூக்கிடுவார்."

ஆசிரியைக்கு முகம் சிவந்தது. "என் பிள்ளைங்க மேலயா பழி போடறே? இலை பறிக்கக்கூடாதுன்னு வருஷம் பூரா சொல்லிக் குடுத்திருக்கேன். பசங்களா, நீடித்த வளர்ச்சின்னா என்ன?"

முப்பத்தொன்பது பேரும் எழுந்து ஒரே குரலில் ஒப்பித்தார்கள். "நீடித்த வளர்ச்சி என்பது வருங்காலத் தலைமுறைக்குக் குந்தகம் இன்றி இன்றைய தேவையை நிறைவு செய்தல் ஆகும்."

தோட்டக்காரர் முன் பெஞ்சுப் பையனிடம் குனிந்தார். "குந்தகம்னா என்ன தம்பி?"

பையன் ஆசிரியையைப் பார்த்தான்.

"அது பரீட்சைக்கு வராது" என்றார் ஆசிரியை.

"கீழே விழுந்ததைப் பொறுக்கியிருப்பாங்கப்பா" என்றார் தலைமை ஆசிரியை.

"இருபது செடியும் ஒரே நாள்ல தானா மொட்டை போட்டுக்குமா மேடம்? யார் வெட்டினதுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. அதிகாரிகிட்ட காட்டினா என் வேலை தப்பும்."

தலைமை ஆசிரியை வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். முப்பத்தொன்பது பெயர்களை எழுதினால் எத்தனை பெற்றோர் வந்து நிற்பார்கள் என்று யோசித்தார். ஆசிரியை அவர் காதருகே போனார். குரலை மட்டும் தாழ்த்தவில்லை.

"நான் விசாரிச்சுட்டேன் மேடம். எல்லாம் ஊமைக்கோட்டான் வேலை. இவதான் வெட்டி எல்லாருக்கும் பங்கு போட்டிருக்கா. தன் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு தன் அட்டையை மட்டும் காலியா வெச்சுக்கிட்டா. என்ன கள்ளத்தனம் பாருங்க."

பிள்ளைகள் தங்கள் காடுகளைக் குனிந்து பார்த்தார்கள்.

"இவ வீட்லேருந்து யாராவது கேள்வி கேட்டு வருவாங்களா?"

"எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்ல மேடம்."

தலைமை ஆசிரியை அங்கேயே நின்று கடிதம் எழுதினார். மரத்தின் அருமை அறியாத மாணவி ஒருத்தியைப் பள்ளி நீக்கிவிட்டது, மற்ற மாணவர்கள் இயற்கையின் காவலர்கள் என்று இரண்டு வரி. கையெழுத்து, முத்திரை.

தோட்டக்காரர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வேலை தப்பியது. வாசலைத் தாண்டியவர் நின்றார். சிறுமியின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ஒரு கிளை குத்திய ஓட்டைகூட அதில் இல்லை.

"ஏன் கண்ணு, அத்தனையும் வெட்டினியே, உனக்குன்னு ஒண்ணாவது வெச்சிருக்கக் கூடாதா?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"மிஸ் வெட்டிக் குடுத்தாங்க. நான் வாங்கிக்கல."