யாராச்சும் ஒருத்தர்

“எம் மருமகள அனுப்ப மாட்டேன் மிஸ். வேற பேச்சு இருந்தா பேசுங்க.”

வேலாயி தங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது.

குடும்பநல மாது கிருஷாந்தி குடையை மடக்கினாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இந்த லயத்துக்கு அவள் ஏறி வருவது இது மூன்றாவது முறை. மூன்று முறையும் இதே பதில்தான்.

உள்ளே இருக்கும் ஆர்த்திகாவுக்கு இருபத்தொன்பது வயது. மூன்று பெண் குழந்தைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், ஆறு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கு உறுதியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை, ஊசி, லூப் எதுவும் அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. வரும் வியாழக்கிழமை கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது.

“பேரன் வேணும்னு இருக்கு கெழவிக்கு,” என்றாள் பக்கத்துக் காம்பரா கமலேஸ்வரி, கொழுந்துக் கூடையை இறக்கியபடி. “மருமக செத்தாலும் சரி, ஆம்பளப்புள்ள பொறக்கணும்.”

வேலாயி காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷாந்திக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

“அம்மா, இது அவங்க உடம்பு. மாமியார் வேணாம்னு சொல்லித் தடுக்க எந்தச் சட்டத்துலயும் எடமில்ல. நான் எழுதிக் குடுத்தேன்னா ஒங்களுக்குத்தான் சிக்கல்.”

“எழுதுங்க.”

“ஒங்களுக்கு மருமக உயிரு பெரிசில்லையா?”

வேலாயி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கிருஷாந்தி அவள் தலைக்கு மேலாக உள்ளே பார்த்துக் கேட்டாள். “ஆர்த்திகா, நீங்க சொல்லுங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

ஆர்த்திகா கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். முகம் இன்னும் வெளிறித்தான் கிடந்தது.

“நான் என்னத்த சொல்ல மிஸ். யாராச்சும் ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும்.”

“பாத்தீங்களா, அவங்களே சம்மதிக்கிறாங்க.”

அந்த நேரத்தில் ஆர்த்திகாவின் புருஷன் கஜேந்திரன் படியேறி வந்தான். ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சட்டையெல்லாம் தேயிலைத் தூசி. கிருஷாந்தியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான்.

“மன்னிச்சிருங்க மிஸ். அம்மா பழைய ஆளு, சொன்னா வெளங்காது. எங்க கையெழுத்து வைக்கணும்னு காட்டுங்க, நான் வச்சுத் தாரேன். பொம்பளப்புள்ள மூணு இருந்தா என்ன, எனக்கு அதுவே போதும். அவ நல்லா இருக்கணும்.”

கிருஷாந்திக்கு மனசு இளகியது. இந்த லயங்களில் ஒரு கையெழுத்துக்காக எத்தனை புருஷன்மாரிடம் கெஞ்சியிருக்கிறாள்.

“ஒங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்க வேல பாதி கொறஞ்சிரும் தம்பி,” என்றபடி படிவத்தை நீட்டினாள். “இந்தாங்க, புருஷன் பேருக்கு நேரா.”

அவன் பேனாவை வாங்கினான்.

வேலாயி எழுந்தாள். மகன் கையைப் பிடித்தாள்.

“ஒங்கப்பனும் இப்பிடித்தான்யா கையெழுத்துப் போட்டாரு.”

“அம்மா, மிஸ்ஸு முன்னால...”

“இருக்கட்டும், மிஸ்ஸும் கேக்கட்டும். அப்ப எனக்கு இருவத்தாறு வயசு. நீ பால் குடிக்கிற புள்ள. லொறியில ஏத்துனாங்க. எங்க போறோம்னே தெரியாது. ஒங்கப்பா காலையிலயே கையெழுத்த வச்சுட்டு தேயிலச் செடி கவ்வாத்து வெட்ட மலைக்குப் போயிட்டாரு. வகுத்துல தையலோட வந்து படுத்தேன். எட்டாம் நாளு கூடையத் தூக்கிட்டு மலையேறுனேன். இன்னைக்கும் குனிஞ்சா அந்த எடம் வலிக்கும்.”

கமலேஸ்வரி கூடையை அப்படியே விட்டுவிட்டு நின்றாள்.

“அவரு கெட்டவரு இல்ல,” என்றாள் வேலாயி. “அவருகிட்ட யாரும் கேக்கல. அவருக்கும் தோணல.”

கஜேந்திரன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு புள்ளயயும் அவதான் சொமந்தா. ஊசியும் அவதான் போட்டா, லூப்பும் அவதான் வச்சா. ஒடம்புல இருந்த ரத்தமெல்லாம் போயி இப்பதான் எந்திரிச்சு நடக்குறா. திரும்பவும் அவளையே கொண்டு போயி வெட்டணுமா? இவங்கிட்ட ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன் மிஸ். ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்குதாமேன்னு. ஸ்டோர்ல சிரிப்பாங்களாம், மூட்ட தூக்கத் தெம்பு போயிருமாம். பெத்த மகன வெளியில விட்டுக் குடுக்க மனசு வரல. அதான் வாசல்ல குந்திக்கிட்டேன்.”

ஆர்த்திகா மாமியாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

கஜேந்திரன் படிவத்தை மடித்துக் கிருஷாந்தியிடம் திருப்பிக் கொடுத்தான்.

“தெம்பு போயிரும்ங்கிறது நெசமா மிஸ்?”

“பொய் தம்பி. ஒரு கால் மணி நேர வேல. அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். ஒரு வாரம் மூட்ட தூக்காம இருந்தாப் போதும். மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, அது வரைக்கும் மட்டும் கவனமா இருக்கணும்.”

“அவளுக்குன்னா?”

“மயக்க மருந்து குடுத்து, வயித்தத் தொறக்கணும்.”

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“வியாழக்கிழமை நான் லீவு எடுக்குறேன். இத இவ்வளவு லேசுன்னு நீங்க மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மிஸ்.”

கிருஷாந்தி அவசரமாகப் பையைத் திறந்து ஆண்களுக்கான படிவத்தைத் தேடினாள்.

இல்லை. இந்தத் தோட்டத்துக்கு வரத் தொடங்கி ஆறு வருஷமாகிறது. ஒரு நாள்கூட அவள் அதை எடுத்து வந்ததில்லை.