இடப்பக்கம் இழுக்கும் கார்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலை வெயில் இப்போதுதான் மஞ்சளாக இறங்குகிறது. கூரையை மடித்துவிட்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தங்கபுஷ்பம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து சீட்டில், கணவன் பொன்ராஜின் எடைக்கு ஈடாக ஓர் அரிசி மூட்டை. அவனோ தரையில் குப்புறப் படுத்து, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு இழுத்துக் கட்டிய தூண்டில் நரம்பை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். இத்தனை நாளும் காலி வண்டியை அளந்துதான் சக்கரத்தை நேராக்கினான். ஆள் ஏறியதும் அது கோணிக்கொள்ள, கார் இடப்பக்கமே இழுத்தது. "ஆளை உக்கார வச்சு அளந்தா என்ன?" என்று நேற்று கேட்டவள் அவள்தான். சாலையின் மறுமுனையில் லாம்பிரெட்டா ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிறார் பொன்ராஜின் அண்ணன் வெள்ளைத்துரை. "இன்னைக்கும் இழுத்துச்சுன்னா காயலான் கடைதான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசித் திருகு திருகி, நரம்பை அவிழ்த்து, மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஏறிக்கொள்கிறான் பொன்ராஜ். கார் உறுமிக்கொண்டு பாய்கிறது. கடல்காற்று அவள் கொண்டையை அவிழ்த்து முகத்தில் அடிக்கிறது. தங்கபுஷ்பம் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுக்கிறாள். "ஏட்டி, பிடி! பிடி!" என்று அலறுகிறான் அவன். "சும்மா இருங்க" என்றபடி கூந்தலை அள்ளி, முறுக்கி, நிதானமாகக் கொண்டை போடுகிறாள். ஸ்டியரிங் இம்மியும் அசையவில்லை. நூல் பிடித்தாற்போல் போகிறது கார். வாயைப் பிளந்து நிற்கும் வெள்ளைத்துரையைத் தாண்டும்போது, இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம் அத்தான்!" என்கிறாள்.