தவிட்டுக்கு ஒரு பிள்ளை

"வழிய வுடுடி!"

"வுடமாட்டேன். என்னக் கொன்னு போட்டுட்டுத் தூக்கிகினு போ."

வாசற்படியை மறித்து, நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள் சொர்ணம்.

செங்கல்வராயனின் தோளில் மூன்று வயது மணவாளன் மூச்சுக்குத் திணறினான். காலையில் தொண்டை வலிக்கிறது என்று அழுதவன், பொழுது சாய்வதற்குள் இந்தக் கதிக்கு வந்துவிட்டான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது.

"உன் கண்ணு இன்னா அவிஞ்சா போச்சி? அவன் ஒதட்டப் பாரு! ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி போட்டுக் காப்பாத்துவாங்கடி!"

"மூத்தவளுக்குந்தான் போட்டாங்க. துணியில சுத்திக் குடுத்தாங்களே, மறந்துட்டியா?"

"அவளுக்கு நோவ முத்தவுட்டுத் தூக்கிகினு போனது நாம. அதுக்கு ஆஸ்பத்திரி இன்னா பண்ணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. 'எம் புள்ளைய இனிமே ஆஸ்பத்திரிப் படி ஏத்தமாட்டேன், நீயே காப்பாத்து'ன்னு மாங்காட்டுல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிக்கீறேன். நான் வாக்குத் தப்பினா ஆத்தா இவனையும் எடுத்துக்குவா."

கை ஓங்கிவிட்டான். பிள்ளை கர்ரென்று இழுத்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரி பக்கத்திலா இருக்கிறது? எப்படியும் வண்டி வேண்டும். பிள்ளையை அவள் கையில் கொடுத்தான்.

"ஸ்டேஷனாண்ட போய் ஜட்கா புடிச்சிகினு வரேன். வந்து உன்னத் தூண்ல கட்டிப் போட்டுட்டாவது தூக்கிகினு போறேனா இல்லியா பாரு!"

ஓடினான். முதல் வண்டிக்காரன் குதிரைக்குப் புல் போட்டிருக்கிறேன் என்றான். புல்லைப் பிடுங்கி வீசி, வாய்க்கு வந்ததைச் சொல்லி, வண்டியோடு அவனையே இழுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்குள் நுழைந்தவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

நடுக்கூடத்தில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டு எருமைக்காரி. வேலித் தகராறில் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள். அவள் முன்னால் முறம். முறத்தில், எருமைக்கு வைக்கிற தவிடு.

"இந்த நோஞ்சான் புள்ளைக்கு இவ்வளவுதான் தருவேன். இஷ்டம்னா குடு, இல்லாட்டி எழுந்து போறேன்."

"இன்னும் ஒரு பிடி போடு," என்றாள் சொர்ணம்.

செங்கல்வராயனுக்குப் புரிந்துபோயிற்று. பிள்ளை தங்காத வீட்டில், இருக்கிற பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் எமன் ஏமாந்து போவானாம். அந்தக் கூத்துதான் நடக்கிறது!

"அடி பாவிங்களா! புள்ள செத்துகினு கீறான். சந்தையில மாடு புடிக்கிறாப்பல பேரம் பேசறீங்களா?"

முறத்தை எட்டி உதைத்தான். தவிடு கூடமெங்கும் சிதறியது.

சொர்ணம் பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு, தவழ்ந்து தவழ்ந்து, சிதறிய தவிட்டை வாரி மடியில் கட்டிக்கொண்டாள்.

"கட்டிகினியா? வியாபாரம் முடிஞ்சிது," என்று கெங்கம்மாள் பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்தாள். நேராகப் போய் ஜட்காவில் ஏறினாள்.

"எங்க தூக்கிகினு போற?"

"ஆஸ்பத்திரிக்கு. இப்ப இவன் எம் புள்ள. நான் ஒரு சாமிக்கும் சத்தியம் பண்ணல. ஏறு நைனா, வாயப் பொளந்துகினு நிக்காத!"

ஏறும்போது திரும்பிப் பார்த்தான். சொர்ணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலுக்குக்கூட வரவில்லை.

கல் நெஞ்சக்காரி!

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கின நர்ஸ், "அம்மா யாரு?" என்றாள்.

"நான்தாம்மா," என்றாள் கெங்கம்மாள், கண் இமைக்காமல்.

கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஓட்டம், பாத்திரச் சத்தம். செங்கல்வராயன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

ஒருவழியாக டாக்டர் வெளியே வந்தார்.

"தொண்டைக்குள்ளே சவ்வு கட்டி அடைச்சிருக்கு. துளை போட்டு மூச்சு வர வெச்சிருக்கோம். மருந்தும் ஏத்தியாச்சு. இனி பயமில்லை. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கையில ஒண்ணும் இருந்திருக்காது."

செங்கல்வராயன் கெங்கம்மாளின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, நீ தெய்வம்! நல்லா ஏமாத்தினே எம் பொண்டாட்டிய. அந்த மூதேவிய நம்பிக்கீந்தா எம் புள்ள போய்ச் சேந்திருப்பான். பெத்தவளா அவ? வண்டி வரைக்கும் வந்து பாத்தாளா?"

"தூ! வாய மூடு!"

கெங்கம்மாள் எழுந்தேவிட்டாள்.

"நான் எங்கய்யா அவள ஏமாத்தினேன்? எனக்கு ஏது அவ்ளோ மூளை? நீ வண்டிக்கு ஓடினதும், வேலியத் தாண்டி வந்து என் கால்ல வுழுந்தவ அவ. 'நான் அவனுக்கு அம்மாவா கீற வரைக்கும் அவன ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது யக்கா. நீ வாங்கிக்க. நீ அம்மாவாயிட்டுத் தூக்கிகினு ஓடு'ன்னா. 'அப்பறம் அவன் ஆயுசுக்கும் என்னத்தாண்டி அம்மான்னு கூப்புடுவான், உன்னக் கூப்புடமாட்டான், பரவால்லியா?'ன்னு நான் கேட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"'யார வேணா கூப்புடட்டும் யக்கா, கூப்புட உசுரோட இருக்கட்டும்'னா."