தொட்டிலுக்கு மேலே

மூன்றாவது நாளாக அதே ஒன்றரை மணிக்கு செல்போன் திரையிலிருந்து குழந்தை காணாமல் போனது.

காப்பகக் கேமரா வழியே மகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, முதல் நாள் நெட் கோளாறு என்று விட்டுவிட்டாள். நேற்று மனசு கேட்காமல் குழந்தைகள் காப்பகத்துக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. இன்று கையிலிருந்த லென்ஸை அப்படியே வைத்துவிட்டு, கண்ணாடிக் கடை முதலாளியிடம், "பத்து நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இரண்டு தெருதான். எட்டு மாதக் குழந்தை. அடிக்கிறார்களா, மருந்து எதுவும் கொடுத்துத் தூங்க வைக்கிறார்களா...

தூங்கும் அறைக் கதவைத் தள்ளினாள். ஆறு தொட்டில். ஆறு குழந்தைகளும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆயா, உதட்டில் விரல் வைத்து, "மெதுவா" என்றாள்.

மகளின் தொட்டிலுக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், சுவரில் வைஃபை பெட்டி. விளக்கு எரியவில்லை. வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

"கேமரா ஏன் நின்னு போச்சு?"

"நான்தாம்மா இதை அணைச்சேன்."

"எதுக்கு? நாங்க பார்க்கக் கூடாதுன்னு என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணும் நடக்கல. முழிச்சிருந்தா எல்லாம் ஹால்ல விளையாடும். தூங்கறப்போ ரெண்டு மணி நேரம் இந்தப் பெட்டி தலைமாட்டுலயே இருக்கு. வளர்ற மூளை பாருங்க."

சத்தம் கேட்டு காப்பகத்தின் நிர்வாகி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு அணைச்சே? இதால குழந்தை மூளைக்குக் கெடுதல்னு எவன் நிரூபிச்சான்? செல்போன்ல வர்ற புரளியெல்லாம் நம்பிக்கிட்டு..."

"புரளி இல்லை மேடம். ஊசி போடற நர்ஸ் கிட்ட கேட்டேன். கெடுதல்னு உறுதியா தெரியாது, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்கன்னாங்க. தெரியாத வரைக்கும் கொஞ்சம் தள்ளி வைக்கலாமேன்னு உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். நீங்க காதுலயே வாங்கல."

"அதுக்காக நீயா முடிவு பண்ணுவியா?"

பெற்றவள் குறுக்கிட்டாள். "கேமராவை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். இவங்க இருந்தா என் பொண்ணு இங்க இருக்க மாட்டா."

நிர்வாகி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இப்பவே கிளம்பு. இனிமே வர வேண்டாம்" என்றாள் ஆயாவிடம்.

ஆயா மூலையிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு குனிந்து, விலகியிருந்த போர்வையைக் பெற்றவளின் மகள் காலில் இழுத்துவிட்டாள்.

"எழுந்ததும் பசியில அழுவா. பால் சூடா இருந்தா துப்பிடுவா, ஆற வச்சுக் கொடுக்கச் சொல்லுங்கம்மா."

பெற்றவளுக்குச் சுருக்கென்றது. மகளின் தலையைப் பார்த்தாள். மேலே பெட்டியைப் பார்த்தாள். ஒரு முழம்தான்.

அதற்குள் நிர்வாகி போன் போட்டுக் கூப்பிட்டதும், கீழே உள்ள கடையிலிருந்து நெட் லைன் பார்க்கிறவர் ஏணியோடு வந்துவிட்டார்.

"இனிமே யாரும் கை வைக்காத மாதிரி இதுக்குக் கூண்டு போட்டுப் பூட்டிடுங்க."

"ஒரு நிமிஷம்" என்றாள் பெற்றவள். "கூண்டெல்லாம் எதுக்கு? இதை உங்க ஆபீஸ் ரூம்லயே வச்சுடுங்களேன். அங்கதான் குழந்தைங்க யாரும் இல்லையே."

"அங்க வச்சா சிக்னல் இங்க வராது" என்றாள் நிர்வாகி அவசரமாக.

லைன்காரர் ஏணியை விரித்தபடி வெள்ளந்தியாகச் சொன்னார்:

"நல்லா வந்துச்சே மேடம். ரெண்டு வருஷமா உங்க மேசை பக்கத்துலதானே இருந்துச்சு. வயித்துல புள்ள இருக்கு, இது பக்கத்துல வேண்டாம்னு போன மாசம் நீங்கதானே இங்க மாத்தச் சொன்னீங்க?"